மெழுகு ஊற்றிய இரண்டு எழுத்து

இரும்புலியூர்
10.11.2024

ரேஷ்மாவுக்கு ஆயா எழுதுவது.

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். கூடுவாஞ்சேரியில் சிநேகிதியோடு ரூம் எடுத்துத் தங்கி நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன் அப்பன் சொல்லிவிட்டான். அவன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தான், தட்டிவிட்டேன். கல்லறையில் எல்லார் முன்னாலும் சொன்னது சொன்னதுதான். உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. சிஸ்டர்களிடம் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்த எழுத்து இது. கோணலாக இருந்தால் நீயும் தலையைக் கோணலாக வைத்துப் படி.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கிற வழக்கம் இல்லை. கல்லறைத் திருநாள். உன் தாத்தாவுக்குப் புதுக்கல் நட்டு முதல் திருநாள். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். உன் சின்னாயா ஞானஜோதி சந்தனக் கலர் புடவை, பச்சைக் கரை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். யார் கல்லையும் அவள் சும்மா படிக்கமாட்டாள், டீச்சர் இல்லையா, சத்தமாகப் படிப்பாள். "சின்னப்பன். மனைவி தனம். மகன் ஜெரோம். பேத்தி ரேஷ்மா பி.இ." படித்துவிட்டு உன்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி ரேஷ்மா, எப்ப முடிச்ச? சொல்லவே இல்லையே."

நீ என்ன சொன்னாய்? "முடிக்கல சின்னாயா. முடிக்கப்போறதும் இல்ல."

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். என் புருஷன் தலைமாட்டில் என்னைப் பொய்க்காரி ஆக்கினாய். அதனால்தான் சொன்னேன், அந்த எழுத்து நிஜமாகிற வரைக்கும் என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று.

ஏன் முன்னாலேயே போடச் சொன்னேன் என்று கேட்பாய். பல்லாவரத்தில் கல் வெட்டுகிறவன், கல்லைக் கொண்டுபோய் நட்டுவிட்டால் அப்புறம் எழுத்துச் சேர்க்க மெஷினைக் கல்லறைக்குத் தூக்கிவர முடியாது என்றான். "பேத்திக்குப் பட்டம் கிட்டம் போடணுமாம்மா?" என்றான். அடுத்த மேயில் முடிக்கப்போகிறாய், இதில் என்ன பொய் என்று, போடு என்றேன்.

ஞானஜோதி புருஷனும் உன் தாத்தாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பக்கத்திலேயே படுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் "மகன் லூர்துராஜ் எம்.காம்." என்று இருக்கிறது. அந்தக் கல் நட்டு எட்டு வருஷம், உன் தாத்தா போனது போன வருஷம்தான், அதிலிருந்து மெழுகு ஏற்றப்போகும்போதெல்லாம் அந்த எம்.காமைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் அவள் படிப்புப் பெருமையை அதற்கு ரொம்ப முன்னாலேயே பார்த்திருக்கிறேன். உன் அப்பனுக்கு அம்மை போட்டிருந்த வருஷம், யாரோ கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். ஞானஜோதி அதை என் கையிலிருந்து பிடுங்கி, "அக்காவுக்குப் படிக்க வராது, நான் படிச்சுக் காட்டறேன்" என்று வந்தவர்கள் முன்னால் படித்துக்காட்டினாள். எனக்குப் படிக்க வரும். அந்தப் பத்திரிகையில் என்ன இருந்தது, மாப்பிள்ளை பேர் என்ன, எந்த மண்டபம் என்று இன்றைக்கும் கேட்டால் சொல்வேன்.

முடிக்கப்போவதில்லை என்றால் என்ன அர்த்தம்? பெயிலா? ஃபீஸ் கட்டவில்லையா? எவனாவதா? எதுவாக இருந்தாலும் எழுது.

ஆயா


கூடுவாஞ்சேரி
24.11.2024

அன்புள்ள ஆயாவுக்கு,

இரும்புலியூரிலிருந்து இங்கே ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. உன் கடிதம் நாலு நாள் எடுத்துக்கொண்டது. எங்கள் தெரு தபால்காரர், "பேங்க்லேர்ந்து இல்லாத லெட்டர் பார்த்து நாளாச்சு" என்று கையில் கொடுத்தார்.

நான் பெயில் ஆகவில்லை. அரியரும் இல்லை. எவனும் இல்லை. ஏழாவது செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன், பாஸ் ஆகிவிடுவேன். அதுதான் பிரச்னை என்றால் உனக்குப் புரியுமா?

கடைசி வருஷத்தில் ஒரு பிராஜெக்ட் செய்ய வேண்டும். நாங்கள் மூன்று பேர். நான், சூர்யநாராயணன், ஸ்ம்ருதி. செம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது இறங்குகிறது என்று ஒரு பெட்டி அளந்து போனுக்குச் செய்தி அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அதை நாங்கள் செய்யவில்லை. தாம்பரத்தில் ஒரு மாடிக்கடையில் பிராஜெக்ட் விற்கிறார்கள், பெட்டி, ரிப்போர்ட், பேச வேண்டியது எல்லாம் சேர்த்து. எங்கள் கிளாஸில் பாதிப் பேர் அங்கேதான் வாங்கினார்கள். ரிப்போர்ட்டில் மூன்று மாத அளவு இருக்கிறது. ஒரு நாள்கூட நாங்கள் அந்த ஏரிக்குப் போகவில்லை ஆயா. நம் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்.

முதல் ரிவ்யூவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "குட்" என்று எழுதினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் திருநாளுக்கு நாலு நாள் முன்னால் கேம்பஸ் இன்டர்வியூ. கம்பெனிக்காரர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே பிராஜெக்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் மனப்பாடமாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "நான் செம்பாக்கம்தாம்மா. தினம் ஏரிக்கரையிலதான் வாக்கிங். எந்தப் பக்கம் வெச்சீங்க?" என்றார்.

கிழக்கு, மேற்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "சரிம்மா, அடுத்தவங்களை அனுப்பு" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து கழிவறையில் நின்றுகொண்டிருந்தேன். நாலு வருஷத்தில் எனக்கு நிஜமாகத் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். ரெண்டு மார்க் கேள்விக்குப் பதில்கள் தெரியும், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். இரண்டாம் வருஷம் ஸ்ரீநிவாசராகவன் சார் லேபில் எரிந்துபோன ஃபேன் மோட்டாரைப் பிரித்து நாங்களே கம்பி சுற்றினோம். அது திரும்பச் சுற்றியது. அது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

நாலு நாள் கழித்துக் கல்லறைக்கு வந்தேன். கல்லில் ரேஷ்மா பி.இ. அந்த மனுஷர் என்னைப் பார்த்த பார்வையே கல்லிலிருந்து பார்த்தது போல இருந்தது. அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன். தாத்தா முன்னால் சொன்னதற்கு மன்னித்துவிடு. சொன்னது பொய் இல்லை.

உன்
ரேஷ்மா


இரும்புலியூர்
8.12.2024

ரேஷ்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மனப்பாடம் ஆகிவிட்டது.

இதற்கா இவ்வளவு? கடையில் வாங்கினோம் என்கிறாய். இந்த ஊரில் எதைத்தான் கடையில் வாங்கவில்லை? இட்லி மாவையே பாக்கெட்டில் வாங்குகிறோம். உன் அம்மா அதை ஊற்ற, "என் மருமக கை இட்லி" என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீ திருடவில்லை. பாதிப் பேர் வாங்கினதை நீயும் வாங்கினாய். மே மாதம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு, பட்டத்தை வாங்கு, அப்புறம் உனக்குப் பிடித்தபடி வெட்கப்படு. இதைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆனால் போன ஞாயிறு பூசை முடிந்து கல்லறைக்குப் போனேன். கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. உன் தாத்தா பேர்கூடக் கண்ணில் படவில்லை, அந்த இரண்டு எழுத்துதான் பட்டது. செம்பாக்கத்துக்காரர் கேட்டது போல யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். பல்லாவரத்துக்கு உன் அப்பனை அனுப்பிக் கேட்டேன். எழுத்தை எடுக்க முடியாதாம், கல்லின் முகத்தையே இழைக்க வேண்டுமாம், எல்லார் பேரும் போய்விடும் என்றானாம். உன் தாத்தாவின் பேரை நான் போகவிடுவேனா?

அதனால் மறுபடி கல்லறைக்குப் போய், ஏற்றின மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்து அந்த இரண்டு எழுத்திலும் ஊற்றினேன். பள்ளம் நிரம்பிவிட்டது. மேலே கரியைத் தடவினேன். தள்ளி நின்று பார்த்தால் பேத்தி ரேஷ்மா என்று மட்டும்தான் தெரிகிறது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. எழுபத்து மூன்று வயதில் திருடி மாதிரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஞானஜோதி கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி உடைத்துக்கொண்டே, ரேஷ்மா ஏன் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று இழுத்தாள். பரீட்சை என்றேன். பரீட்சை இல்லாத நாளிலும் பரீட்சை என்றுதான் சொல்வேன். அவளுக்கு வேறு வேலை இல்லை.

ஆயா


கூடுவாஞ்சேரி
19.1.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

மெழுகு ஊற்றினாய் என்று படித்ததும் சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் வரவில்லை.

அப்பா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். கடைசி செமஸ்டர் ஆரம்பித்துவிட்டது, நான் போகவில்லை. இங்கே ஸ்டேஷன் பக்கத்தில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். பக்கத்துக் கவுண்டரில் ஜாஸ்மின் அக்கா. அவர்கள் பி.இ. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. என் கதையைக் கேட்டுவிட்டு, "நான் முடிச்சுட்டு பில் போடறேன், நீ முடிக்காம போடற. ரெண்டு பேருக்கும் அதே டீதான் வருது, பார்த்துக்கோ" என்றார்கள். கடை முழுக்கச் சிரித்தோம். ராத்திரி அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

சூர்யாவும் ஸ்ம்ருதியும் என்னைத் திட்டுகிறார்கள். "நீ வந்து நின்னா போதும், பேசறதை நாங்க பாத்துக்கறோம்" என்கிறாள் ஸ்ம்ருதி. அதே பெட்டியைத்தான் கடைசி வைவாவிலும் வைக்கப்போகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சூர்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஜூனில் சேர வேண்டும், அவன் வீட்டில் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். என்னால் இன்னொரு தடவை அந்தப் பெட்டிப் பக்கத்தில் நிற்க முடியாது, அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. பிளஸ் டூ முடித்ததும் எனக்கு நர்ஸிங் போகத்தான் ஆசை இருந்தது. நீதான் பி.இ. என்றாய், தாத்தா பென்ஷனிலிருந்து கொடுக்கவைத்தாய். எனக்காகவா, ஞானஜோதி சின்னாயாவுக்காகவா? அந்த எம்.காமுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பி.இ. வேண்டும் என்றுதானா நான் நாலு வருஷம் படித்தேன்?

பதில் எழுதாவிட்டாலும் சரி.

ரேஷ்மா


இரும்புலியூர்
2.2.2025

ரேஷ்மாவுக்கு,

கேட்டுவிட்டாய். பதில் சொல்கிறேன். ஞானஜோதிக்காகத்தான். உனக்காகவும் என்று எழுதி அடித்துவிட்டேன், பார், மேலே அடித்த இடம் தெரிகிறது.

ஆனால் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உன் கஷ்டத்துக்கு ஒரு வழி செய்துவிட்டேன். நீ கோபப்படாமல் படி.

நம் வேதத்தில் ஒரு வழி இருக்கிறது இல்லையா, தப்பு செய்தால் சாமியாரிடம் போய்ச் சொல்கிறோம். அவர் கேட்டுக்கொள்கிறார், பத்து தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல் என்கிறார், தப்பு போய்விடுகிறது. வெளியே யாருக்கும் சொல்லமாட்டார். உனக்கு உள்ளே அறுத்துக்கொண்டிருக்கிறது, நீ போய்ச் சொல்லமாட்டாய், அதனால் நானே உனக்காகப் போய்ச் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து உன் காலேஜுக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, "இன்னா ஆயா, யார் வேணும்?" என்றான். பெரிய மேடம் வேணும் என்றேன். உட்காரவைத்தான்.

உங்கள் பெரிய மேடம் பேர் அபிதகுஜாம்பாள். கதவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார்கள். நாற்காலி போட்டு டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார்கள். நான் எல்லாம் சொன்னேன். அந்தப் பெட்டி கடையில் வாங்கினது, ஏரிக்குப் போகவில்லை, என் பேத்திக்கு மனசு கேட்கவில்லை, மன்னித்துப் பரீட்சை எழுதவிடுங்கள் என்றேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்கள். "அந்த டீம்ல யார் யாரும்மா?" என்றார்கள். சூர்யநாராயணன், ஸ்ம்ருதி என்று சொன்னேன். எந்தக் கடை என்று கேட்டார்கள். தாம்பரத்தில் மாடிக்கடை, பாதிப் பேர் அங்கேதான் வாங்கினார்கள் என்று சொன்னேன். எனக்குத்தான் ஒன்றும் மறக்காதே. உன் கடிதம் வரிக்கு வரி வந்தது. "உங்களுக்கு நல்ல ஞாபகம்மா" என்றார்கள்.

எழுந்து வாசல் வரைக்கும் வந்து அனுப்பினார்கள். இனிமேல் உனக்குத் தொந்தரவு இல்லை. போய்ப் படி.

ஆயா


கூடுவாஞ்சேரி
11.2.2025

ஆயா,

நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியுமா?

அவர் சாமியார் இல்லை. டீ கொடுத்தால் மன்னிப்பு இல்லை. நீ பஸ் ஏறின அன்றே சூர்யாவையும் ஸ்ம்ருதியையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். என்னையும் போன் செய்து வரவழைத்தார்கள். எங்கள் பிராஜெக்ட் ரத்து. ஏப்ரல் கடைசிக்குள் புதிதாக, நாங்களே, ஸ்டாஃப் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று பேருக்கும் ஒரு வருஷம் போகும். சூர்யா சேரப்போகிற கம்பெனிக்குக் கல்லூரியிலிருந்து போக வேண்டிய சான்றை நிறுத்திவிட்டார்கள். ஸ்ம்ருதியின் அம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தார்கள், உள்ளே கூப்பிடவே இல்லை. மற்ற டீம்களையும் விசாரிக்கிறார்கள். காரிடரில் நான் நடந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

சூர்யா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "உனக்குப் பிடிக்கலைன்னா நீ போயிருக்கலாம். எங்களை எதுக்கு இழுத்த?" அதற்கு என்ன பதில் சொல்வேன்? எங்க ஆயாவுக்கு ஞாபகசக்தி அதிகம் என்றா?

நான் உனக்கு எழுதினது உனக்கு மட்டும் எழுதினது.

நீ எனக்காகப் போகவில்லை. அந்தக் கல்லுக்காகப் போனாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு ரொம்ப அவமானமாக இருக்கிறது. மேடம், "இது வாங்கினதா?" என்று கேட்டபோது சூர்யா தலை குனிந்தான், ஸ்ம்ருதி அழுதாள். எனக்கு மூச்சு லேசாக வந்தது. அவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு அப்படி இருந்தது. நான் எப்படிப்பட்டவள் பார்.

கொஞ்ச நாள் எழுதாதே.

ரேஷ்மா


இரும்புலியூர்
23.3.2025

ரேஷ்மாவுக்கு,

எழுதாதே என்றாய். ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. தவக்காலம் ஆரம்பித்து சாம்பல் பூசி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

உன் கடிதத்தைத் தலையணைக்குள் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் முகம் எனக்குத் தெரியாது. பேர் மட்டும் தெரியும், அந்தப் பேரைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிஸ்கட் தின்றுகொண்டே கொடுத்தேன். இரண்டு பிஸ்கட். இரண்டாவதை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் மறக்கமாட்டேன் என்கிறது.

எனக்கு நீ அபராதம் ஒன்றும் சொல்லவில்லை. நானே யோசித்தேன். எனக்கு எது எல்லாவற்றையும்விடக் கஷ்டம்? அதைச் செய்வோம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் ஞானஜோதி வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுப் படி ஏறி எத்தனை வருஷம் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் கூழ்வற்றல் காயவைத்ததை அள்ளிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "ஜோதி, அந்தக் கல்லுல இருக்கறது பொய். ரேஷ்மா இன்னும் முடிக்கல. முடிப்பாளோ என்னவோ. உனக்குக் காட்டணும்னுதான் போட்டேன்."

அவள் வற்றலைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். சிரிக்கட்டும் என்றுதான் போனேன்.

"தெரியும்கா" என்றாள். "மெழுகைப் பார்த்தேன். பொங்கலுக்கு முன்னாடியே ஒரு ஓரம் பேந்து வந்துச்சு. நாந்தான் எங்க வீட்டுக்காரருக்கு ஏத்தினதுலேர்ந்து கொஞ்சம் விட்டேன். ரெண்டு தடவை விட்டேன்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை ரேஷ்மா. லூர்துராஜிடம்கூட. நான் ஊரெல்லாம் அவளைப் பேசிக்கொண்டிருந்த மாதங்களில் அவள் குனிந்து என் பொய்யை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த எம்.காமைத் தாண்டித்தான் குனிந்திருக்க வேண்டும்.

அதற்காக அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கல்யாணப் பத்திரிகை அப்படியே இருக்கிறது. ஆனால் அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பையனிடமும் பெண்ணிடமும் நான் வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா? வந்தால் இன்னும் ஏதாவது கெடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன். முடிக்க வேண்டாம் என்றாலும் சரி. கல்லை இழைத்துவிடச் சொல்கிறேன். உன் தாத்தா பேர் எனக்கு மனப்பாடம்தானே, கல்லில் எதற்கு?

ஆயா


கூடுவாஞ்சேரி
2.5.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

கல்லை ஒன்றும் செய்யாதே. தாத்தா பேர் இருக்கட்டும்.

பதில் எழுதத் தாமதம் ஆனதற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. நேரம் இல்லை. என்னால் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் போகக் கூடாது என்று பில் போடுகிற வேலையை விட்டுவிட்டு, விடியற்காலையில் முதல் ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து செம்பாக்கம் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன் வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் போனேன், உள்ளே வரவில்லை. நீதான் பேசமாட்டாயே.

அதே தலைப்பையே எடுத்துக்கொண்டோம். வேறு ஏரி, வேறு பெட்டி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஸ்ம்ருதிதான், "அதே ஏரி. எந்தப் பக்கம்னு இந்தத் தடவை தெரிஞ்சுப்போம்" என்றாள். சூர்யா தினமும் வந்தான். என்னோடு பேசவில்லை. "ஸ்ம்ருதி, அவகிட்ட சொல்லு, கனெக்‌ஷன் லூஸா இருக்கு" என்பான். நான் இரண்டடி தூரத்தில்தான் நிற்பேன். உன்னையும் அவனையும் ஒரு அறையில் உட்காரவைக்க வேண்டும்.

முதல் பெட்டி இரண்டே நாளில் ஊறிப்போனது. ஆகாயத்தாமரை வந்து பெட்டியை மாட்டின கம்பத்தை மூடி, தண்ணீருக்குப் பதில் இலையை அளந்தது. கடையில் வாங்கின ரிப்போர்ட்டில் அளவு கோடு போட்டாற்போல இறங்கும். நிஜ ஏரி அப்படி இறங்கவில்லை. கோடை மழை பெய்த அன்று நாங்கள் மூன்று பேரும் நனைந்துகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அளவு ஏறியது. அன்றைக்கு மட்டும் சூர்யா ஸ்ம்ருதியை மறந்துவிட்டு, "ஏய், பாரு" என்று என்னிடமே சொன்னான். அப்புறம் ஞாபகம் வந்து திரும்பிக்கொண்டான்.

நேற்று முன்தினம் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எங்கள் கிராஃபைப் பார்த்துவிட்டு, "நடுவுல மூணு நாள் காணோமேம்மா?" என்றார். "நாய் ஒயரைக் கடிச்சிடுச்சு சார். கரையில ஒரு செவலை நாய்" என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் கேட்டார் ஆயா, அதே கேள்வி, அந்தக் கம்பெனிக்காரர் கேட்டது. "எந்தப் பக்கம் வெச்சீங்க?" நான் சொன்னேன். படிக்கட்டு, மதகு, அங்கிருந்து வேப்பமரம், எல்லாம் சொன்னேன். போதும் போதும் என்றார். அப்புறம் இன்னொரு கேள்வி கேட்டார், எனக்குத் தெரியவில்லை, தெரியாது சார் என்றேன். முன்பானால் ஏதாவது இட்டுக்கட்டியிருப்பேன்.

இந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாலு வருஷத்தில் எட்டு வாரம்தான் படித்தேன் என்று தோன்றுகிறது. அந்த எட்டு வாரத்தையும் காலேஜ் கொடுத்ததா, நீ போய்ச் சொன்னது கொடுத்ததா, அதுவும் தெரியவில்லை. உனக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சூர்யாவின் சான்றை இன்னும் அனுப்பவில்லை, கம்பெனி காத்திருக்குமா என்று தெரியாது. அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. நீ வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதை நான்தான் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை.

ரிசல்ட் ஜூனில். நான் பாஸ் என்று சொல்கிற வரைக்கும் மெழுகை எடுக்காதே.

ரேஷ்மா


இரும்புலியூர்
18.5.2025

ரேஷ்மாவுக்கு,

மெழுகை எடுக்காதே என்று எழுதியிருந்தாய். நான் எடுக்கவில்லை. வெயில் எடுத்துவிட்டது.

இன்றைக்குப் பூசை முடிந்து நானும் ஞானஜோதியும் கல்லறைக்குப் போனோம். சேர்ந்து போகவில்லை, அவளும் அதே வழியில் வந்தாள். அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிறது, அந்தக் கறுப்புக் கல்லில் கை வைக்க முடியவில்லை. மெழுகெல்லாம் உருகி, பூசின கரியோடு சேர்ந்து கீழே வழிந்திருந்தது. உன் பேரிலிருந்து வழிந்து தரையில் உறைந்துகிடந்தது. இரண்டு எழுத்தும் பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. நான் அவசரமாகப் பையில் கைவிட்டு வத்திப்பெட்டியைத் தேடினேன், மறுபடி ஊற்றலாம் என்று. ஞானஜோதி, "வேணாம்கா, நிக்காது. ஜூன் வரைக்கும் நிக்கவே நிக்காது" என்றாள். டீச்சர் இல்லையா, எல்லாம் தெரியும்.

அப்புறம் அவள் குடையை விரித்து அந்த எழுத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது வந்தால் மறைக்கவாம். நான் உன் தாத்தாவுக்குப் பூ வைத்தேன். அவளுக்குக் கை வலிக்கும், மாற்றிப் பிடித்தேன். இரண்டு கிழவிகள் குடை பிடித்துக்கொண்டு ஒரு கல்லுக்குக் காவல் நின்றோம். யாரும் வரவில்லை. இந்த வெயிலில் யார் வருவார்கள்?

நீ தினமும் தெருமுனையைத் தாண்டிப் போனாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும். பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். நீலப் பை, தோளில் ஒயர் சுருள். கூப்பிட வாய் வந்தது, சொன்ன சொல் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

நான் போட்ட சபதம் அந்த எழுத்து நிஜமாகிற வரைக்கும். அதை மீறமாட்டேன், அது உன் தாத்தா முன்னால் சொன்னது. ரிசல்ட் ஜூனில் வருமோ தள்ளிப்போகுமோ, பாஸோ என்னவோ, அந்தப் பையன் வேலை என்ன ஆகுமோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதுவரைக்கும் எல்லாம் தெரிந்த மாதிரிதான் செய்தேன்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நான் வாயைத் திறக்கமாட்டேன். உனக்கு மீன் குழம்பு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். நீ பேசு. திட்ட வேண்டியதைத் திட்டு, அந்தப் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துத் திட்டு. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆயா